இடது கை சின்னத்தாய்க்கு

வேப்பங்களம் பால் சொசைட்டியில் யார் வீட்டுப் பாலை யார் கொண்டுவந்து ஊற்றினாலும் ஒரு கேள்வி கிடையாது. பாஸ்புக் வந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு கையிலும் தூக்குப்போசியோடு வருவாள், இடுப்பில் மூன்று பாஸ்புக் செருகியிருப்பாள். "இது எங்க ஊட்டுது, இது மேக்கால ஊட்டுது, இது தனபாலு ஊட்டுது" என்று சொல்லச் சொல்ல, எழுதுகிற கை எழுதிக்கொண்டே போகும். மாடு வைத்திருக்கிறவளுக்கு ஆயிரம் வேலை. அத்தனை பேரும் நேரில் வந்து வரிசையில் நின்றால் ஊரில் பொழப்பு ஓடுமா?

அந்த எழுதுகிற கை அன்னமேரியுடையது. இருபத்தோரு வருஷமாக அவள்தான் பால் அளந்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்த்து, பாஸ்புக்கில் போடுகிறவள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவள். பத்தாவது முடித்துவிட்டு, நர்ஸ் படிக்கணும், கோயமுத்தூருக்கு அனுப்புங்கள் என்று வீட்டில் மூன்று வருஷம் நச்சரித்திருக்கிறாள். விண்ணப்பப் பாரம்கூட வாங்கியாகிவிட்டது. அப்புறம் என்ன, கொத்தனார் சவரிமுத்து பெண் பார்க்க வந்தார், பத்தொன்பது வயசில் தாலி ஏறியது, மீனாட்சிபுரத்துப் பக்கம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அந்தப் பாரம் இன்னமும் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கவும் மாட்டாள், தூக்கிப் போடவும் மாட்டாள்.

விட்டுப்போனது வேறு வழியில் வீடு தேடி வந்தது. வருஷத்துக்கு ரெண்டு தடவை இடுக்கிப் பக்கத்திலிருந்து ஒரு மிஷன் கூட்டம் ஜீப்பும் வேனுமாக வரும். மூன்று நாள் மாதா கோயில் ஹாலில் கிளினிக். வைத்தியம் சும்மா, மாத்திரை குளிகையும் சும்மா, காசே கிடையாது. தலைமை தாங்கி வருகிறவர் டாக்டர் சிஸ்டர் கத்தரீனாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர் மகள், கன்னியாஸ்திரியாகி டாக்டருக்கும் படித்தவர். பேச்சு கறாராக இருக்கும். முதல் வருஷம் அன்னமேரி குடிதண்ணி எடுத்துக் கொடுக்கத்தான் போனாள். அடுத்த வருஷம் பேர் எழுதினாள். மூன்றாம் வருஷம் சிஸ்டர் அவளை உட்கார வைத்து, பிரஷர் பார்க்கவும் விரலில் குத்தி சுகர் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நீலக் கோட்டும் கொடுத்தார், முழுக்கை வைத்தது.

அந்தக் கோட்டு வந்ததிலிருந்து நம்ம ஆளைப் பிடிக்க முடியவில்லை. கிளினிக் நடக்கிற மூன்று நாளும் மத்தியானம் சொசைட்டிக்குப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டாள். கோட்டுப் போட்டுக்கொண்டு பால் அளக்கிறவளைப் பார்த்து, "வாங் டாக்டரம்மா, எங்க மாட்டுக்கும் நாடி புடிச்சுப் பாருங்" என்று சொசைட்டி செகரட்டரி குப்பண்ணன் சீண்டுவார். "உங்களுக்குத்தானுங்ண்ணா மொதல்ல பாக்கோணும்" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். உள்ளுக்குள் வெல்லம் கரைகிற மாதிரி இருக்கும்.

ஆனால் இந்தப் புரட்டாசிக் கிளினிக்கில் அவளுக்கு எதுவும் இனிக்கவில்லை. காரணம் சவரிமுத்து. போன புதன்கிழமை பொள்ளாச்சியில் ஒரு வீட்டு வேலையில் சாரத்து மேல் நின்றுகொண்டிருந்தவர், கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டார். நல்ல வேளை, ஆள் உயரம்தான். முழங்கை வீங்கியதோடு போயிற்று. போன கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிகையைத்தான் ஆறு மாசமாகத் தின்கிறார். தின்றும் தலை சுற்றுகிறது என்றால் பிரஷர் ஏறிவிட்டது என்று அன்னமேரி முடிவு கட்டி, ஒரு மாசமாக ஒன்றுக்கு ரெண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விழுந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அவளுக்கே கொஞ்ச நாளாகப் பின்மண்டையில் ஆணி அடிக்கிற வலி வேறு. மனசின் ஓரத்தில் ஒன்று கிடந்து அரித்தது. அது எழும்பி வருகிற நேரமெல்லாம் எழுந்து போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் துலக்கினாள்.

ரெண்டாம் நாள், சனிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு ஹாலில் நிற்க இடமில்லை. வீடு வீடாகப் போய்ச் சீட்டுக் கொடுத்தவள் அன்னமேரிதான். ஒவ்வொன்றிலும் பேரும் வயசும் எழுதியது அவள் கைதான். பெரியம்மாள் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, மேசை மேல் ரெண்டு சீட்டை வைத்தாள். அறுபது வயசு, தோப்பு வைத்திருக்கிற குடும்பம், குரல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"இது என்ற சீட்டு. இது சின்னத்தாயி சீட்டு. எழுதிக்க அம்மணி."

"சின்னத்தாயக்கா எங்கீங்க்கா?"

"அவ எங்க வர்றது? செனை மாடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. உட்டுப்போட்டு வந்தா ஆச்சா?"

சின்னத்தாய் பெரியம்மாளுக்குப் பக்கத்துத் தோட்டம். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். ஒரு மாடும் அவளுமாகக் காலம் தள்ளுகிறாள். அன்னமேரி பெரியம்மாளின் வலது கையைப் பிடித்து, விரலைத் துடைத்து, குத்தினாள். முந்நூற்று நாலு.

"ஆத்தாடி, முன்னூத்தி நாலுங்க்கா! என்னத்தத் தின்னுபோட்டு வந்தீங்க?"

"என்னத்தத் திங்கறேன், கொள்ளும் களியுந்தான்" என்று சொன்ன பெரியம்மாளின் வாயிலிருந்து மைசூர்பாகு மணந்தது. அப்புறம் அவள் இடது கையை நீட்டினாள்.

"இது எதுக்குங்?"

"இது சின்னத்தாயிக்கு. அவளுக்கும் என்னையாட்டமே தலைசுத்து, கால் எரிச்சல். ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே காத்து. எனக்கு இருந்தா அவளுக்கு இல்லாமப் போயிருமா? குத்து."

"அதெப்படிங்க்கா ஆகும்?"

"ஏன், அவ பால நாங் கொண்டாந்து ஊத்துனா எழுதிக்கறயில்ல? இன்னைக்கு இல்லைன்னா இனி ஆறு மாசம். பாவம், ஒத்தையாக் கெடக்கறா. ஒரு குளிகை கெடச்சாப் பொழச்சுப் போறா."

பின்னால் அறுபது பேர். "அங்க என்ன, ரண்டு பேரும் சம்பந்தம் பேசறீங்ளா?" என்று ஒரு குரல். ரெண்டரைக்கு அவள் சொசைட்டிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நொடி அன்னமேரியின் கை தயங்கியது. அப்புறம் பழகின கை பழகின வேலையைச் செய்தது. இடது கை மோதிர விரலில் குத்தினாள். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. சின்னத்தாய், வயசு அறுபத்தொன்று என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்த சீட்டில் அதைப் போட்டாள்.

சத்தியமாகச் சொன்னால் இது முதல் தடவை இல்லை. வர முடியாதவர்களுக்காக வந்தவர்கள் கையை நீட்டுவதும், அவள் எழுதுவதும் இந்த ரெண்டு மூன்று வருஷமாக நடப்பதுதான். ஊரில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவளுக்குப் படாமலும் இல்லை. பெரியம்மாள் தன் சீட்டோடு சிஸ்டரிடமும், சின்னத்தாய் சீட்டோடு ரெண்டாம் மேசையிலிருந்த புது டாக்டரிடமும் போய் உட்கார்ந்து எழுந்தாள். அவருக்கு இந்த ஊரில் முகம் தெரியாது. ரெண்டு பொட்டலம் குளிகையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஏதோ சாதித்துவிட்ட நடையில் போனாள்.

மூன்றரை மணிக்குச் சொசைட்டியில் அன்னமேரி லாக்டோமீட்டரைப் பாலில் விட்டு நிமிர்ந்தபோது பெரியம்மாள் எதிரில் நின்றாள். கையில் ரெண்டு போசி.

"சின்னத்தாயிக்குக் குளிகை குடுத்துட்டனம்மணி. போற வழியிலயே போட வெச்சுட்டுத்தான் போனேன்."

"சோறு உண்டுட்டுத்தானுங்களே போட்டாங்க?"

"சோறா? ஏம் அம்மணி, இன்னைக்குப் பொரட்டாசிச் சனிக்கெழமை. நாங்கெல்லாம் மத்தியானம் படையல் போட்டு உண்டுக்குவோம். அவ பொழுதெறங்கி வெளக்கு வெச்சுத்தான் வாயில வெப்பா, உனக்குத் தெரியாதா? தண்ணி குடிக்கலாம், மருந்துக்கு வெரதங் கெடையாதுன்னு நாந்தான் சொன்னேன். தலைசுத்து நெம்ப இருந்துது பாவம். அதான் ஒண்ணுக்கு ரண்டாப் போட்டுக்கோன்னேன்."

அன்னமேரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. சுகர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத உடம்பு. அதற்குள் சுகரைக் குறைக்கிற குளிகை ரெண்டு. சாப்பிடாமல் இதைப் போட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று சிஸ்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் தொண்டை கிழியச் சொல்வார். அதை ஊர்ப் பேச்சில் எல்லாருக்கும் எடுத்துச் சொல்கிறவளே இவள்தான்.

"எத்தனை மணிக்குங்க்கா போட்டாங்க?"

"ஒரு மணி இருக்கும். ஏன், என்ன?"

பெரியம்மாள் காலையில் கேட்டதற்குப் பதில் இப்போதுதான் தலைக்கு வந்தது. சின்னத்தாய் பாலை யார் ஊற்றினாலும் அது சின்னத்தாய் மாட்டுப் பால். இடது கையில் வந்தது பெரியம்மாள் ரத்தம். இந்த ஒரு வரி காலையில் வாயில் வந்திருக்கக் கூடாதா, மாதாவே!

சின்னத்தாய்க்குப் போன் அடித்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"அண்ணா, வண்டிய எடுங்க!"

குப்பண்ணன் கேனுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். "எங்க? நாலரைக்குப் பால் வண்டி வந்துரும்."

"வந்தா நிக்கட்டுங்! சின்னத்தாயக்கா ஊட்டுக்கு. கேக்காதீங்ண்ணா, மொதல்ல எடுங்க!"

அவள் முகத்தைப் பார்த்த குப்பண்ணன் மூடியைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பெரியம்மாள் கையில் லாக்டோமீட்டரைத் திணித்துவிட்டு அன்னமேரி மொபெட்டின் பின்னால் ஏறினாள். வாய்க்கால் மேட்டில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. குப்பண்ணன் ஹாரன் அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். டிராக்டர்காரன் திரும்பிச் சிரித்தான். அன்னமேரி இறங்கி, கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இந்த வயசில், அந்தப் பின்மண்டை வலியோடு, சோளக்காட்டு வரப்பில் விழுந்து எழுந்து ஓடினாள். வாய் அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும், நடுவில் வார்த்தை விட்டுப்போகும், மறுபடி தொடங்கும்.

சின்னத்தாய் மாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது, அவள் ரவிக்கை மட்டும் தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது.

"அக்கா! சின்னத்தாயக்கா!"

"யாரு... ராசாத்தியா? எப்படி வந்தே?" ராசாத்தி அவளுடைய நாத்தனார். செத்து எட்டு வருஷம் ஆகிறது.

அன்னமேரி உள்ளே ஓடினாள். சாமி படத்துக்கு முன்னால் தட்டத்தில் வெல்லக்கட்டி, வாழைப்பழம், எண்ணெய் ஊற்றித் திரி போட்டு இன்னும் ஏற்றாத விளக்கு, எல்லாம் பொழுதிறங்கக் காத்திருந்தன. வெல்லத்தை உடைத்துக்கொண்டு வந்து வாயில் வைத்தாள். சின்னத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். புத்தி எங்கேயோ போய்விட்டது, வைராக்கியம் மட்டும் போகவில்லை.

"மாட்டேன். பெருமாளுக்கு வெளக்கு வெக்காம... மாட்டேன்."

"அக்கா, உசுருக்கு ஆகாதுங்க்கா. ஒரு வாய். உங்க கால்ல உழுகறேன்."

"மாட்டேன்... பொழுது எறங்குலே..."

தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பல்லை நெம்பித் திறக்கலாம். திறந்து திணித்தால் புரையேறிச் செத்துப்போவாள், அதுவும் சிஸ்டர் சொன்னதுதான். ஒரு நிமிஷம், அவ்வளவுதான் இருந்தது. அன்னமேரி எழுந்து திரும்ப உள்ளே போனாள். தீப்பெட்டியைத் தேடி எடுத்தாள். முதல் குச்சி முறிந்தது. ரெண்டாவது அணைந்தது. மூன்றாவதில் விளக்கு பிடித்தது. கழுத்துச் சிலுவையை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். மாதாவே, நீயும் பிள்ளை பெற்றவள், கோபித்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் புரட்டாசி தோறும் காதில் விழுந்ததை, கொட்டகைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"கோவிந்தா! கோவிந்தா!"

அந்நேரம் வந்து சேர்ந்த குப்பண்ணன் வாசலில் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே, பழக்க தோஷத்தில் "கோவிந்தா!" என்று சேர்த்துக் கத்தினார்.

"வெளக்கு வெச்சாச்சுங்க்கா. பாருங்க, எரியுது பாருங்க. படைச்சாச்சு. வாயத் தொறங்க."

சின்னத்தாய் கண்ணைத் திருப்பி, கதவு வழியாகத் தெரிந்த சுடரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

வெல்லம் கரைகிறவரைக்கும் அன்னமேரி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினாள். அப்புறம் வெல்லத் தண்ணி, சொம்பிலிருந்து மடக்கு மடக்காக. அப்புறம் பழம். கால் மணி நேரம் கழித்து வேர்வை நின்றது. சின்னத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏ மேரி, நீ எங்க இங்க? வெளக்கு யாரு வெச்சது?" என்றாள்.

"நாந்தானுங்க்கா."

சின்னத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "செரி, யாரு வெச்சா என்ன. வெளக்கு எரிஞ்சாப் போதும்."

அன்னமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதாள். பெருமாளுக்கு யார் கை என்றாலும் சரி. பால் சொசைட்டிக்கும் சரி. தான் உட்கார்ந்திருந்த மேசைக்கு மட்டும் சரியில்லை.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட குப்பண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டார். "பொழச்சுக்கிச்சில்ல அம்மணி? மிச்சக் குளிகைய வாய்க்கால்ல வீசிப்போட்டு வா, போலாம். யாருக்குத் தெரியும்? பெரியம்மாளுக்கு நாஞ் சொல்லிக்கறேன். நீ போயி வாயக் குடுத்தீன்னா அந்தக் கோட்டக் கழட்டி வாங்கிருவாங்க. நெனச்சுக்க."

அவருக்கு நல்ல மனசு. அவள் எதற்கு ஏங்குகிறவள் என்று ஊருக்கே தெரியும். அன்னமேரியும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள், நினைக்கவில்லை என்றால் பொய். ஆனால் வெல்லம் ஒரு மணி நேரத்துக்குத்தான். குளிகை ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். இவளை இப்படியே விட்டுப் போனால், சோறு தின்றாலும், தூக்கத்திலேயே மறுபடி சுகர் இறங்கும். பக்கத்தில் எழுப்ப ஆள் கிடையாது. கொட்டகையில் மாடுதான் இருக்கும்.

சிஸ்டருக்குப் போன் போட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். "நாந் தப்புப் பண்ணிட்டேனுங் சிஸ்டர். வேறொருத்தர் ரத்தத்தப் பாத்து இவங்க சீட்டுல எழுதிட்டேன்."

பத்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. சிஸ்டர் இறங்கி நேரே கொட்டகைக்குப் போனார். சின்னத்தாய் விரலில் குத்திப் பார்த்தார். அத்தனை வெல்லம் உள்ளே போன பிறகும் சுகர் அறுபத்தொன்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று புது டாக்டரோடு சின்னத்தாயை ஜீப்பில் ஏற்றினார். "மாட்டுக்கு யாரு இருப்பா?" என்று சின்னத்தாய் கேட்டதற்கு, "நானிருக்கறேன், போ ஆயா" என்றார் குப்பண்ணன். ஜீப் போனதும் சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இந்த ஒண்ணுதானா, இன்னும் இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க. இப்படி எத்தன பேருக்கு எழுதியிருக்கிய?"

அன்னமேரி நின்றபடியே சொன்னாள். நேற்று நாலு பேர், இன்றைக்கு மூன்று. போன கிளினிக்கில் நினைவு தெரிந்து மூன்று. யாருக்குப் பதில் யார் கையை நீட்டினார்கள் என்பது வரைக்கும் சொன்னாள். பால் கணக்கை இருபத்தோரு வருஷம் மனசில் வைத்திருக்கிறவளுக்கு இது மறக்குமா? சிஸ்டர் ஒவ்வொரு பேராக எழுதிக்கொண்டார்.

"பத்தாச்சு. முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆறு மாசமாகப் பாத்திரம் துலக்கித் துலக்கி அமுக்கி வைத்திருந்தது மேலே வந்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்குதுங் சிஸ்டர். என்ற ஊட்டுக்காரர் சீட்டு. அவரு ஆசுபத்திரின்னாலே வர மாட்டாருங். கூட்டமில்லாத நேரமாப் பாத்து... பிரஷர் மிஷின என்ற கையிலயே சுத்திப் பாத்து அவரு பேருல எழுதிட்டேன். நூத்தி எழுபது. ஆறு மாசமா அந்தக் குளிகையத்தான் தின்னறாரு. இப்ப ஒரு மாசமா நாந்தான் ரண்டாக் குடுக்கறேன்."

சிஸ்டரின் பேனா நின்றது. "அவரு இப்ப எங்க?"

"வேலைக்குப் போயிருக்கறாருங். பொள்ளாச்சிக்கு. சாரத்து மேல..." புதன்கிழமை விழுந்தது ஏன் என்று அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது. சரியாக இருந்த பிரஷரைக் குளிகை போட்டுப் போட்டு இறக்கி, இவளே அவரைக் கீழே தள்ளியிருக்கிறாள்.

"போனப் போடுங்க."

நாலு தடவை மணி அடித்த பிறகு சவரிமுத்து போனை எடுத்தார். பின்னால் பூச்சுக் கரண்டி உரசுகிற சத்தம். "என்ன புள்ள, வேலை நேரத்துல?"

"எங்க நிக்கறீங்க?"

"எங்க நிப்பாங்க, மேலதான். ரண்டாம் மாடி."

"எறங்குங்க."

"என்னத்துக்கு?"

"கேக்காதீங்க சாமி. ரண்டு கையிலயும் புடிச்சுட்டு மெல்ல எறங்குங்க. மண்ணுல காலு வெச்சுட்டுச் சொல்லுங்க."

மூங்கில் கிரீச்சிடுவது போனில் கேட்டது. யாரோ எதையோ கேட்டார்கள், அவர் ஏதோ சொன்னார். அன்னமேரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒவ்வொரு கிரீச்சையும் எண்ணினாள். சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிட்டேன். சொல்லு."

"அந்தக் குளிகை உங்குளுது இல்லீங்க" என்றாள். "இனிமேத் திங்காதீங்க. ஊட்டுக்கு வாங்க, சொல்றேன்."

போனை வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையில் சினை மாடு எழுந்து, திரும்பி, மறுபடி படுத்தது.

"நாளைக்கு அந்த மேசையில நீங்க உக்கார வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

"செரிங் சிஸ்டர்."

"கோட்டக் கழட்டுங்க."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். ஆனாலும் வலித்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வரப்பு மண் அப்பியிருந்த கோட்டை மடித்து, ரெண்டு கையாலும் நீட்டினாள். சிஸ்டர் அதை வாங்கிக் கட்டிலில் போட்டார். பையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்தார்.

"அந்தக் கையக் காட்டுங்க. நூத்தி எழுபதுன்னு சொன்ன கை."

அன்னமேரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அவள் கையில் பட்டை இறுகியது. ஒன்பது வருஷமாக எத்தனையோ பேருக்குச் சுற்றியிருக்கிறாள், கணக்கில்லை. தன் பேரில் ஒரு தடவைகூட இல்லை. காற்று இறங்க இறங்க சிஸ்டரின் முகம் மாறுவதைப் பார்த்தாள். பின்மண்டை விண்விண் என்று தெறித்தது.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றார் சிஸ்டர். "ஒங்க மருந்த ஆறு மாசமா அவருக்குல்லா குடுத்திருக்கிய."

பையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பேரு?" என்றார், தெரியாதவர் மாதிரி.

ஊரில் அத்தனை பேரையும் அவள் கேட்ட கேள்விதான்.

"அன்னமேரி" என்றாள். "வயசு நாப்பத்தாறுங்."

சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, சொசைட்டியில் பாஸ்புக்கை வாங்கினால் பார்க்கிற மாதிரி, முதலில் பேரைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ரெண்டு பேரும், மிச்சமிருந்த வீடுகளில் குளிகையைத் திரும்ப வாங்க, இருட்டுவதற்குள் கிளம்பினார்கள்.